மிண்டெல் விழுந்த இடம்

ஒல்ஷாங்கா
28 ஏப்ரல் 1996

அன்புள்ள பெனினா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். சளி பிடித்திருக்கிறது, வேறொன்றுமில்லை. இங்கே ஏப்ரலிலும் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போக முடியவில்லை. அம்மாவின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? இடது கையை அசைக்கிறாளா? இதற்குக் கீழே இருப்பதை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

அம்மா, இந்த மாதத் தொடக்கத்தில் பாஸ்கா விருந்தில் "எனக்கு மூணு பிள்ளைங்க" என்று நீ சொன்னபோது, வாதம் வந்ததில் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் நானும் பெனினாவும் நினைத்தோம். எனக்கொரு அக்கா இருந்தாள் என்று நாற்பத்தொன்பது வயதில் தெரிந்துகொண்டேன். உன்மேல் கோபமில்லை. ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குப் போகும் ரயில் என்று தெரிந்துதான் நாலு வயது மிண்டெலை ஜன்னல் வழியே வெளியே போட்டாய். பிழைக்கட்டும் என்று போட்டாய்.

நீ சொன்ன தடத்தில்தான் நிற்கிறேன். ஷெட்லெட்ஸிலிருந்து வரும் பாதை, கோசூவ் ஊர் தாண்டி ஓர் ஏற்றம், ரயில் மெதுவாகும் இடம், இடப்பக்கம் வயல், வயலோரம் மரச்சிலுவை. பயணிகள் ரயிலை நிறுத்தி மூன்று வருடமாகிறதாம். தண்டவாளத்தின் நடுவே இடுப்பளவு புல். இருபத்தைந்து வருடம் நிலம் அளந்த கால்களுக்கு இப்போதுதான் சரியான வேலை வந்திருக்கிறது. அடையாளங்களுக்குப் பொருந்தும் இடம் இரண்டு. அவற்றில் ஒன்று இந்த ஒல்ஷாங்கா.

கெனோவெஃபா என்ற அம்மாள் வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். அறுபத்தாறு வயது, தனிக்கட்டை. முதல் நாளே கேட்டேன். "அம்பத்து நாலு வருஷமாச்சு. யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்று சொல்லிவிட்டு சூப்பை ஊற்றினாள். நம்மிடம் மறைக்க வேண்டியதையெல்லாம் நீயும் அப்பாவும் போலிஷில் பேசிக்கொண்டீர்களே, அதனால் கற்ற மொழி இப்போது சோறு போடுகிறது.

உன் கையை முத்தமிடும் மகன்,
அவ்னெர்

---

ஹைஃபா
9 மே 1996

அன்புள்ள அண்ணா,

உன் சளி தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். எலுமிச்சையும் தேனும் கிடைக்குமா அங்கே? இங்கே எனக்கும் பிள்ளைகளுக்கும் குறையில்லை.

இதைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் முடியாது. உன் கடிதத்தை நான் பாதி படிப்பதற்குள் அம்மா பிடுங்கிக்கொண்டாள். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். பிறகு தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். அதனால் அவள் பார்க்கக் கூடாததைப் பள்ளி முகவரிக்கு எழுது. தொலைபேசியில் கூப்பிடாதே. மணியடித்தாலே "அவளா? அவளா?" என்று எழுந்திருக்கப் பார்க்கிறாள். போன வாரம் அப்படித்தான் கட்டிலிலிருந்து விழுந்தாள்.

மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மாதக் கணக்கில் பேசினார், வருடக் கணக்கில் இல்லை.

அண்ணா, ஒரு வாரம் என்று சொல்லித்தான் போனாய். நீ இன்னும் இருக்க வேண்டும். நான் கேட்பது நியாயமில்லை என்று தெரியும்.

பாசத்துடன்,
பெனினா

---

ஒல்ஷாங்கா
20 மே 1996
(பள்ளி முகவரிக்கு)

அன்புள்ள பெனினா,

தேன் இருக்கிறது. எலுமிச்சைக்குக் கோசூவ் போக வேண்டும். நீ தூங்குகிறாயா? எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. கெனோவெஃபா அம்மாள் தரும் ஏதோ கஷாயத்தைக் குடித்துவிட்டுப் படுக்கிறேன்.

நாற்பத்து மூன்று வீடுகளில் கேட்டுவிட்டேன். கதவைத் திறக்கிறார்கள், தேநீர் தருகிறார்கள், வானிலை பேசுகிறார்கள். ரயில் என்றதும் வயதானவர்களுக்குக் காது மந்தமாகிவிடுகிறது. ஒருவர் நேராகவே கேட்டார்: "யூதங்க விட்டுட்டுப் போன வீட்டத் திருப்பிக் கேக்க வந்தியா?" இல்லை, பிள்ளையைக் கேட்க வந்தேன் என்றேன். "பிள்ளையா..." என்று சிரித்தார். "இந்தப் பாதையில எத்தனை பிள்ளைங்க விழுந்துச்சு தெரியுமாப்பா உனக்கு? நீ எதக் கேக்குற?"

முகாம் இருந்த இடம் இங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். தினமும் நடந்து போகிறேன். உனக்கு என்னவென்று சொல்ல? அங்கே ஒன்றுமே இல்லை. பைன் காடு, நடுவில் வெட்டவெளி, அதில் பதினேழாயிரம் நினைவுக் கற்கள். ஒரு கல்லில் அம்மாவின் ரயில் கிளம்பிய ஷெட்லெட்ஸின் பெயர் செதுக்கியிருக்கிறது. அதனருகே உட்காருகிறேன். குயில் கூவுகிறது. பேருந்தில் மாணவர்கள் வந்து இருபது நிமிடம் நின்றுவிட்டுப் போகிறார்கள். செங்கால் நாரை பக்கத்து வயலில் தவளை பிடிக்கிறது. போன வியாழன் பெருமழை. மறுநாள் போனபோது மணல் பாதையில் வெள்ளைத் துணுக்குகள் மேலே வந்து கிடந்தன. கிளிஞ்சல் என்று குனிந்தேன். கிளிஞ்சல் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. எந்தப் பக்கம் கால் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஐந்து கிலோமீட்டருக்கு இப்பால் அதே மண்ணில் உருளைக்கிழங்கு விளைகிறது. நானும் அதைத் தின்கிறேன்.

அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்லாதே.

உன் அண்ணன்,
அவ்னெர்

---

ஹைஃபா
4 ஜூன் 1996

அன்புள்ள அண்ணா,

இங்கே வெயில் கொளுத்துகிறது. நீ இளைத்திருப்பாய் என்று தோன்றுகிறது. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா இப்போது பேசுகிறாள். ஐம்பத்து நாலு வருடம் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறாள். நேற்று அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஜன்னல்ல முள்கம்பி. பச்சைக் கோட்டு மாட்டிக் கிழிஞ்சுது. தலை வெளிய போயிடுச்சு, உடம்பு போயிடுச்சு, ஆனா என் விரல விட மாட்டேங்கிறா. ஒவ்வொரு விரலா பிரிச்சேன் பெனினா. சின்னக் கைதான். ஆனா பிடி அப்படி."

ரயில் நின்று நின்றுதான் போனதாம். குழந்தையைப் போட்ட அன்றே பொழுது சாய்கையில் ஆண்கள் பெட்டியின் பலகையைப் பெயர்த்தார்களாம். அம்மா குதித்தபோது ரயில் முகாமை நெருங்கிவிட்டிருந்தது. பாதையோரமாகவே திரும்பி நடந்து இரண்டு நாள் தேடினாளாம். குழந்தையைக் காணவில்லை. கோட்டின் ஒரு துண்டுகூட இல்லை. "இல்லைன்னா யாரோ எடுத்திருக்காங்கன்னுதானே அர்த்தம்?" என்று என்னைக் கேட்கிறாள். நான் ஆமாம் என்கிறேன். ஒரு நாளைக்கு இருபது முறை ஆமாம் என்கிறேன்.

ஏதாவது எழுது அண்ணா. வீட்டு முகவரிக்கு எழுது. ஒரு நல்ல வரி.

பெனினா

---

ஒல்ஷாங்கா
17 ஜூன் 1996

அன்புள்ள அம்மாவுக்கும் பெனினாவுக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். கன்னம்கூட உப்பியிருக்கிறது. அம்மா மருந்தைத் துப்பாமல் குடிக்க வேண்டும்.

நல்ல செய்தி ஒன்று. பாதையோரம் கிடந்த பிள்ளைகளை எடுத்து வளர்த்த வீடுகள் உண்டு என்று ஒரு பெரியவர் சொன்னார். பெயரை மாற்றி, ஞானஸ்நானம் செய்து, தங்கள் பிள்ளையாக வளர்த்தார்களாம். பாதிரியார் பழைய பதிவேடுகளைத் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நெருங்கிவிட்டேன் அம்மா. இன்னும் கொஞ்சம் பொறு.

அவ்னெர்

---

ஹைஃபா
1 ஜூலை 1996

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது. நீ நலமாக இருப்பதில் நிம்மதி. நான் கொஞ்சம் களைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அம்மா இப்போது அமைதியாக இருக்கிறாள். வலி இல்லை. தபால் வந்ததா என்று கேட்பதில்லை.

நீ பாதியில் திரும்பிவிடாதே. "அவன வரச் சொல்லாத. அவனும் வந்துட்டா அவ அங்க தனியாக் கிடப்பா" என்று அம்மா சொன்னாள். அவள் சொன்னதைத்தான் நான் செய்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்.

பெனினா

---

ஒல்ஷாங்கா
22 ஜூலை 1996
(பள்ளி முகவரிக்கு)

என் அன்புப் பெனினா,

உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.

பாதிரியாரின் பதிவேட்டில் ஒன்றுமில்லை. இரண்டு கிராமங்களிலும் கேட்க வீடு மிச்சமில்லை. நேற்று மதியம் கெனோவெஃபா அம்மாளிடம், நாளைக்குக் கிளம்புகிறேன் என்றேன். சமையலறையில் உட்கார்ந்து காட்டிலிருந்து பறித்துவந்த கருநீலப் பழங்களை ஆய்ந்துகொண்டிருந்தாள். விரலெல்லாம் நீலம்.

"எங்கம்மாவுக்கு நாள் அதிகமில்ல. ஒண்ணும் கிடைக்கலன்னு போய்ச் சொல்லணும்," என்றேன்.

அவள் நிமிரவில்லை. "கை எலும்பு கூடிடுச்சு," என்றாள்.

"யாரோட கை?"

"இடது கை. விழுந்ததுல ஒடிஞ்சு கிடந்துச்சு. எங்கம்மா மரச் சிலாம்பு வச்சுக் கட்டினா. கிறிஸ்துமஸுக்குள்ள நல்லாக் கூடிடுச்சு."

அவளே பேசினாள். மூன்று மாதமாக வானிலையும் சூப்பும் மட்டும் பேசியவள், கையில் பழத்தை வைத்துக்கொண்டே பேசினாள்.

"அறுப்பு முடிஞ்ச வயல்ல கிடந்தா. பச்சைக் கோட்டு. எங்கம்மா மார்ச்சியானா கோணியில சுருட்டித் தூக்கிட்டு வந்தா. அடுப்புக்குப் பின்னாடி வச்சிருந்தோம், யாராவது வந்தா கிழங்குக் குழியில எறக்கிடுவோம். நாலு மாசம். எனக்குப் பன்னெண்டு வயசு. அவளப் பாத்துக்கறதுதான் என் வேலை. ஜெபம் சொல்லிக் குடுத்தேன். சிலுவை போடக் கத்துக் குடுத்தேன். அவ பேசின பாஷைய மறக்கடிச்சேன். ஜனவரியில பக்கத்து வீட்டுக்காரன் வந்து, 'உன் வீட்டுல ரெண்டு பிள்ளைங்க குரலு கேக்குதே'ன்னான். பக்கத்து ஊர்ல யூதங்கள ஒளிச்சு வச்சவங்கள ஜெர்மன்காரங்க வீட்டோட கொளுத்தியிருந்தாங்க, குழந்தைங்களோட. அம்மா ராத்திரியெல்லாம் அழுதா. காலையில, 'காட்டு வழியா அத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. வழியில யாரையும் பாக்காத'ன்னு அனுப்பினா."

பாதி வழியில் பனிச்சறுக்கு வண்டியில் ரோந்துக்காரர்கள் எதிரே வந்தார்களாம். மரங்களுக்கு அப்பால் குதிரை மணிச்சத்தம்.

"கையப் பிடிச்சிருந்தேன். விட்டுட்டேன். விட்டுட்டு ஓடினேன். மரத்துக்குப் பின்னாடி படுத்துப் பாத்தேன். ஒருத்தன் எறங்கி அவளத் தூக்கி வண்டியில வச்சான். அடிக்கல. கம்பளிகூடப் போத்தினான். வண்டி அந்தப் பக்கந்தான் திரும்புச்சு."

அந்தப் பக்கம் என்றால் எது என்று உனக்குப் புரியும். எங்கே போய்விடக் கூடாது என்று அம்மா அவளை வெளியே எறிந்தாளோ, அங்கேயே போய்ச் சேர்ந்தாள். கெனோவெஃபா ஓடியபோது மிண்டெல் ஏதோ கூப்பிட்டாளாம்.

"முத நாளே ஏன் சொல்லல?" என்று கத்தினேன். ஆம், கத்தினேன்.

"நாளைக்கு நீ போயிடுவன்னு தினமும் நினைச்சேன். போயிடக் கூடாதுன்னும் நினைச்சேன். அவளக் கேட்டு ஒருத்தர்கூட வந்ததில்லையே தம்பி. நீதான் வந்த."

நான் வெளியே போனேன். கற்கள்வரை நடந்தேன். அங்கே என்ன செய்தேன் என்று எழுத மாட்டேன். திரும்பி வந்தபோது மேசையில் தட்டு வைத்து மூடியிருந்தாள். என் பெட்டி அந்த வீட்டில்தானே இருக்கிறது, வேறெங்கே போவேன்? உட்கார்ந்து சாப்பிட்டேன். ஏன் என்று கேட்காதே.

இன்றே வீட்டு முகவரிக்கும் ஒரு கடிதம் போடுகிறேன். அது அம்மாவுக்கு. அதில் இருப்பது எல்லாம் பொய். அவள் கண்ணை மூடுவதற்குள் அதைப் படித்துக் காட்டு. முகத்தை மாற்றிக்கொள்ளாமல் படி. உன்னால் முடியும்.

அண்ணன்,
அவ்னெர்

---

ஒல்ஷாங்கா
22 ஜூலை 1996

அருமை அம்மா,

உன் உடம்பு எப்படி இருந்தாலும் இதைக் கேட்டதும் தேறிவிடும்.

அவள் இருக்கிறாள். நம் மிண்டெல் உயிரோடு இருக்கிறாள். வயலில் கிடந்தவளை ஒரு நல்ல பெண் எடுத்து வளர்த்திருக்கிறாள். இப்போது பெயர் யானினா. பியாவிஸ்டோக் நகரில் இருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயது, இரண்டு மகள்கள், தையல் வேலை. விழுந்ததில் இடது கை ஒடிந்து கூடியதாம். மழை வந்தால் இன்னும் வலிக்குமாம். உன் நெற்றிதான் அவளுக்கும். உன்னைப் பற்றிச் சொன்னதும் தையலைக் கீழே வைத்தாள். பிறகு, "அம்மா என்னப் பிழைக்க வச்சா" என்று சொன்னாள். உடனே கிளம்பி வர அவளால் இயலவில்லை, கொஞ்சம் அவகாசம் கேட்கிறாள்.

நீ செய்தது சரிதான் அம்மா. இனி நிம்மதியாகத் தூங்கு.

உன் மகன்,
அவ்னெர்

---

ஹைஃபா
4 ஆகஸ்ட் 1996

அண்ணா! அண்ணா!

நேற்று உன் கடிதம் வந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். மாடி வீட்டு அம்மாள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தாள். "எங்கக்கா கிடைச்சுட்டா!" என்று அவளைக் கட்டிக்கொண்டு கத்தினேன்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. மன்னித்துவிடு. அம்மா ஜூன் இருபத்து நான்காம் தேதி காலையில் போய்விட்டாள். வலியில்லாமல்தான் போனாள். உன்னைக் கூப்பிட்டிருந்தால் அடக்கத்துக்கும் ஏழு நாள் துக்கத்துக்கும் வந்திருப்பாய், பிறகு திரும்பிப் போயிருக்க மாட்டாய். அதனால் சொல்லவில்லை. ஒரே மகன் சொல்ல வேண்டிய காடிஷ் பிரார்த்தனையை என் கணவர் சொன்னார். அதற்காக நீ என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். நாற்பது நாளாக அந்தப் பாரம் என் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. உன் கடிதம் அதைத் தூக்கிவிட்டது. அம்மா சொன்னபடி செய்தது வீண்போகவில்லை!

இன்று காலை கல்லறைக்குப் போய் உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுவதும் படித்தேன்.

அக்காவுக்கு நீலப் பட்டுச் சட்டை ஒன்று வாங்கியிருக்கிறேன். அம்மாவின் அளவுக்கு வாங்கினேன், நெற்றி அம்மாவுடையது என்றால் தோளும் அப்படித்தானே இருக்கும்? செப்டம்பர் பத்தாம் தேதிக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டேன். சம்மதித்தால் அதே வாரம் வரும் நம் புத்தாண்டுக்கு அவளை இங்கே கூட்டி வந்துவிடலாம். நான் போலிஷில் ஒரு கடிதம் எழுதிப் பார்க்கிறேன், முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. அவள் முகவரியை எழுது. உடனே எழுது.

ஆனந்தத்துடன்,
பெனினா

---

ஒல்ஷாங்கா
14 ஆகஸ்ட் 1996

பெனினா,

நலம் விசாரிக்க எனக்குத் தகுதியில்லை.

நேற்று உன் கடிதம் வந்ததும் கோசூவ் தபால் நிலையத்துக்கு ஓடி உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நீதான் எடுத்தாய். "அண்ணாவா? அக்கா பக்கத்துல இருக்காளா?" என்று கேட்டாய். வைத்துவிட்டேன். இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். அறுத்தது நான்தான்.

ஜூலை இருபத்திரண்டாம் தேதியே பள்ளி முகவரிக்கு இன்னொரு கடிதம் போட்டேன். ஜூலையில் பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கும் என்று இந்த மடையனுக்குத் தோன்றவில்லை. இங்கே எந்த மாதம் நடக்கிறது என்பதே மறந்து கிடந்தேன். காவலாளியிடம் சாவி வாங்கி அதை எடு. உன் கணவரைக் கூட்டிக்கொண்டு போ. வீட்டுக்கு வந்தது அம்மாவுக்காக எழுதியது. கேட்க அம்மா இல்லை என்று எனக்குத் தெரியாது.

அம்மாவுக்காக இன்று கற்களின் நடுவில் காடிஷ் சொன்னேன். பத்துப் பேர் வேண்டும் என்பது வழக்கம். நான் ஒருவன்தான் இருந்தேன். சொல்லிவிட்டேன்.

அவ்னெர்

---

ஹைஃபா
25 ஆகஸ்ட் 1996

அவ்னெர்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்றே காவலாளியிடம் போனேன். தனியாகத்தான் போனேன். பூட்டிய ஆசிரியர் அறையில், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவில் நின்று படித்தேன்.

எனக்கு ஓர் அக்கா பத்தொன்பது நாள் இருந்தாள். அந்தப் பத்தொன்பது நாளில் அவள் மகள்களுக்குப் பெயர்கூட வைத்துப் பார்த்தேன். நீ அதை எழுதவில்லையே. சட்டையைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன். "அளவு சரியில்லையா?" என்று கேட்டாள் கடைக்காரி. ஆமாம் என்றேன். பிறகு கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது. அம்மாவின் அடக்கத்தை உன்னிடமிருந்து நான் பறித்தேன், அதனால் கோபத்தை உரக்கச் சொல்லும் உரிமை எனக்கில்லை. அந்தப் பொய்யை அம்மாவின் கல்லறையில் படித்தேன். அதை எப்படித் திரும்பப் பெறுவது? போய் நின்றேன். அவளாவது நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணை வெறுக்க முயல்கிறேன். பன்னிரண்டு வயது என்கிறாய். என் சின்னவளுக்கும் பன்னிரண்டுதான். இன்று காலை அவள் பல் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். "ஏதோ கூப்பிட்டாளாம்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாய். உனக்குத் தெரியும். தெரியாவிட்டால் அப்படிப் போயிருக்க மாட்டாய். எனக்கு இனி எந்த இரக்கமும் வேண்டாம் அண்ணா. என்ன கூப்பிட்டாள்?

சீட்டை ரத்து செய்யவில்லை. வருகிறேன்.

பெனினா

---

ஒல்ஷாங்கா
3 செப்டம்பர் 1996

அன்புள்ள பெனினா,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, காதை மூடும்படி ஏதாவது கொண்டு வா. பத்தாம் தேதி வார்சாவில் இறங்கி மவுக்கினியா வரை ரயிலில் வா. நடைமேடையில் நிற்பேன். தாடி வளர்ந்திருக்கிறது, பயப்படாதே.

உன் கடிதத்தை கெனோவெஃபா அம்மாளுக்குப் படித்துக் காட்டினேன், உன் கோபம் உள்பட. நீ வரும் நாளில் வீட்டை விட்டு எங்கேயாவது போய்விடட்டுமா என்று கேட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் என் அறையில் இரண்டாவது கட்டில் போட்டிருந்தாள். அதில் படுக்க உனக்கு மனமில்லையென்றால் கோசூவில் ஒரு விடுதி இருக்கிறது. அவள் மிண்டெலின் கையை விட்ட இடத்தைக் காட்டச் சொன்னேன். ஐம்பத்து மூன்று வருடமாக அந்தப் பக்கம் காளான் பறிக்கக்கூடப் போனதில்லையாம். நீ வந்தால் வருவாளாம். தனியாக என்னோடு வர மாட்டாளாம்.

நீ கேட்டதை எழுதுகிறேன். மறைக்கத்தான் நினைத்தேன்.

யாராவது வந்து கேட்டால் சொல்வதற்காக மார்ச்சியானா அம்மாள் குழந்தைக்கு முதலில் கற்றுக்கொடுத்த வார்த்தை அதுதானாம். பிறகு அது பழகிவிட்டது. காலையில் எழுந்ததிலிருந்து அதையே சொல்லிக்கொண்டு கெனோவெஃபாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிவாளாம். கெனோவெஃபா அம்மாள் இதைச் சொல்லும்போது அழவில்லை. குழந்தையின் குரலில் சொல்லிக் காட்டினாள். பனியில் நின்றுகொண்டு மிண்டெல் கூப்பிட்டது இதுதான்:

"அக்கா, நில்லு. நானும் வரேன்."

வழியில் கவனமாக வா.

உன் அண்ணன்,
அவ்னெர்